26 கிலோ ரகசியம்!

அரிசிக் கடையில் மூட்டையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா ஸார்? அடுத்த தடவை பாருங்கள். ‘நிகர எடை 26 கிலோ’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த மூட்டை கண்ணில் படும். அதென்ன 26? நம் பக்கத்தில் காலங்காலமாக சிப்பம் என்றால் 25 கிலோ. டஜன் என்றால் பன்னிரண்டு என்கிற மாதிரி. திடீரென்று எந்தப் புண்ணியவான் ஒரு கிலோவைக் கூடச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான்?

புண்ணியவான் யாரும் இல்லை. அந்த ஒரு கிலோவுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். அந்த ஒரு கிலோ ஏன் மூட்டைக்குள் ஏறி உட்கார்ந்தது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். பதவியின் பெயர் அக்கவுன்டன்ட். வேலை? ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், லாரிக்கு ஈ-வே பில், லோடுமேன்களுக்கு வாரச் சம்பளம், கரன்ட் போனால் ஈ.பி. ஆபீஸுக்கு போன், முதலாளியின் பேரனுடைய ரெக்கார்டு நோட்டில் தவளை படம் ஒட்டுவது... எல்லாம் அக்கவுன்ட்ஸில் சேர்த்திதான்!

விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜூன் 28, 29 தேதிகளில் சண்டிகரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 47-வது கூட்டம் நடந்தது. அதுவரை அரிசியில் பிராண்டு பெயருக்கு உரிமை கொண்டாடுகிறவர்களுக்குத்தான் 5 சதவிகித வரி. பெயரே இல்லாமலும், ‘இந்தப் பெயர் மேல் எனக்கு உரிமை வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டும் விற்றவர்களுக்கு வரி கிடையாது. சண்டிகரில் அதை மாற்றினார்கள். பிராண்டு இருக்கோ இல்லையோ, முன்கூட்டியே எடை போட்டுக் கட்டி லேபிள் ஒட்டினால் 5 சதவிகிதம். ஜூலை 18-ம் தேதி முதல் அமல்.

இங்கேதான் அந்த 25 வருகிறது. ‘முன்கூட்டியே கட்டியது’ என்றால் என்ன என்பதற்கு எடையளவுச் சட்டத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தச் சட்டத்தின் 2011-ம் வருஷ பொட்டல விதிகள் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்குப் பொருந்தாது. ஆக 25 கிலோ சிப்பத்துக்கு வரி உண்டு. 26 கிலோவுக்கு இல்லை. கிலோ ஐம்பது ரூபாய் அரிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ 1,250 ரூபாய். அதுக்கு வரி 62 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ கூடப் போட்டால் அந்த 62.50 பறந்துவிடும்! இந்தக் கணக்கைப் போட பொருளாதாரத்தில் எம்.ஏ. வேண்டுமா? எங்கள் லோடுமேன் ஒருத்தர் பீடி பற்ற வைக்கிற நேரத்தில் போட்டுவிட்டார்.

ஜூலை 18-க்கு முன்னாடி பல ஊர்களில் அரிசி வியாபாரிகள் கடையடைப்பு செய்தார்கள், மனு கொடுத்தார்கள். மறுநாளே, சில்லறையாக அளந்து விற்றால் வரி இல்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விளக்கம் கொடுத்தார். அவ்வளவுதான். விதி விதியாகவே இருந்தது.

எங்கள் ஆலையில் 25 கிலோ என்று அச்சடித்த சாக்கு மலை மாதிரி குவிந்து கிடந்தது. முதலாளி அதன் மேல் உட்கார்ந்து (நிஜமாகவே அதன் மேல்தான்) ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்பா... இத்த யாரைக் கேட்டு முடிவு பண்ணாங்க?”

“கவுன்சில்ல பேசி முடிவு பண்ணாங்க முதலாளி.”

“அது தெரியுது. அரிசிக்காரன் எவனாவது அங்க இருந்தானா?”

அந்தக் கேள்விக்கு பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையே.

* * *

அதுக்கு ஆறு மாசம் முன்னாடி நடந்த ஒரு சங்கதியைச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

2021 செப்டம்பர் 17-ம் தேதி லக்னோவில் கவுன்சில் கூடியது. ஜவுளிக்கும் செருப்புக்கும் வரியைத் திருத்துவது என்று முடிவானது. நவம்பரில் அறிவிக்கையும் வந்தது. 5 சதவிகிதம் 12 ஆகும், 2022 ஜனவரி 1 முதல். துணிக்கும் அதே தேதி, ஆயிரம் ரூபாய்க்குள் விற்கிற செருப்புக்கும் அதே தேதி.

துணிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சூரத்தில் கூச்சல். திருப்பூரிலும் ஈரோட்டிலும் கூச்சல். கூச்சலோடு நிறுத்தினார்களா? அங்கேதான் சூட்சுமம். ஒவ்வொரு மாநிலத்திலும் அவரவர் நிதியமைச்சரைப் போய்ப் பார்த்தார்கள். நெசவாளி எத்தனை பேர், விசைத்தறி எத்தனை, ஒரு சேலைக்கு எவ்வளவு ஏறும் என்று கணக்கோடு போனார்கள். குஜராத், மேற்கு வங்கம், டெல்லி, ராஜஸ்தான், தமிழ்நாடு... ஒருத்தருக்கொருத்தர் அரசியலில் முகம் கொடுத்துப் பேசாத மாநிலங்கள் எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே பாட்டு. டிசம்பர் 31-ம் தேதி, ஊரெல்லாம் புத்தாண்டு கேக் வாங்கிக்கொண்டிருந்த நாளில், அவசரமாக 46-வது கூட்டம் கூடியது. ஜவுளி வரி உயர்வு தள்ளிவைக்கப்பட்டது. அமலுக்கு வர இன்னும் சில மணி நேரமே பாக்கி!

செருப்பு? அதற்கு யாரும் தடை போடவில்லை. ஜனவரி 1 காலையில் 12 சதவிகிதம் ஆகிவிட்டது. செருப்புக்காரர்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கவுன்சில் மேஜையில் ஜவுளிக்காகப் பேச அத்தனை மாநிலங்கள் இருந்த மாதிரி செருப்புக்கு இல்லை. அதே அறிவிக்கை, அதே தேதி. ஒருத்தர் தப்பினார், ஒருத்தர் மாட்டினார். சாதாரணச் செருப்பு மறுபடி 5 சதவிகிதத்துக்கு இறங்கியது 2025 செப்டம்பர் 22-ம் தேதிதான். நடுவே மூன்றே முக்கால் வருஷம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜவுளிக்காரர்கள் பேசியது ஜனவரி 1-க்கு முன்னால். அரிசிக்காரர்கள் கடையை மூடியது முடிவெடுத்த பிறகு, அமலுக்கு ஓரிரு நாள் இருக்கும்போது. கல்யாணம் நிச்சயமாகி பத்திரிகை அடித்து, பந்தி போட்ட பிறகு ‘பையன் ஜாதகத்தைக் கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்ட கதைதான்.

* * *

இதை நான் முதலாளியிடம் விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “இதெல்லாம் லாபி பண்றதுப்பா. பெரிய மனுஷன் வேலை. சூட்கேஸ் இல்லாம அங்க எவன் உள்ள விடுவான்?”

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் ‘லாபி’ என்றால் ஒன்று ஹோட்டல் வாசலில் போட்டிருக்கிற சோபா. இல்லாவிட்டால் சூட்கேஸ். மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு தொழிலில் இருக்கிறவன், அந்தத் தொழிலுக்கு விதி எழுதுகிறவனிடம் போய், ‘ஐயா, இதைப் போட்டால் இன்னது நடக்கும்’ என்று கையெழுத்துப் போட்டுச் சொல்வது. அதற்கு சூட்கேஸ் வேண்டாம். கவர் போதும். கவர் என்றதும் அந்தக் கவரை நினைக்காதீர்கள்... தபால் கவர்!

எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஓட்டின் கனம் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது டெல்லி தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது. நம்முடைய குரல் போகவேண்டிய முதல் கதவு டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது. வணிகவரித் துறையும் மாநில நிதியமைச்சரும்தான் நம் ஆள். அடுத்தது, மத்திய-மாநில அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிற ‘ஃபிட்மென்ட் கமிட்டி’. எந்தச் சரக்குக்கு எத்தனை சதவிகிதம் என்று முதலில் அலசுவது இவர்கள். ‘எங்கள் வரியைக் குறையுங்கள்’ என்று வருகிற மனுக்கள் எல்லாம் இவர்கள் மேஜைக்குத்தான் போகின்றன. மனு போடாதவன் ஃபைலே அங்கே இருக்காது.

கோயம்புத்தூர் கிரைண்டர் கதை தெரியுமா? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வெட் கிரைண்டருக்கு 28 சதவிகிதம் போட்டார்கள். ஆடம்பரப் பொருள் வரிசையில்! இட்லிக்கு மாவு அரைப்பது ஆடம்பரம் என்று வடக்கே யாரோ நினைத்திருக்க வேண்டும். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் வீட்டில் சப்பாத்தி. கோவைக்காரர்கள் விடவில்லை. மனு மேல் மனு. நாலே மாசத்தில், 2017 நவம்பரில் கவுஹாத்தி கூட்டத்தில் 28 சதவிகிதம் 12 ஆனது. அன்றைக்கு 28-லிருந்து 12-க்கு இறங்கிய பட்டியலில் கிரைண்டருக்குத் துணையாக இருந்த இன்னொரு சரக்கு என்ன தெரியுமா? ராணுவ டாங்கி! ஆமாம் ஸார்... டாங்கிகளும் கவச வாகனங்களும். 2019 செப்டம்பரில் கோவாவில் கூடிய கூட்டத்தில் கிரைண்டர் 5 சதவிகிதத்துக்கும் வந்துவிட்டது.

காஞ்சிபுரத்துக்குச் சம்பந்தப்பட்டதும் ஒன்று உண்டு. இமிடேஷன் சரிகை நூலுக்கு 12 சதவிகிதமா, 5-ஆ என்று ரொம்ப நாள் குழப்பம். ஊருக்கு ஊர் அதற்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு வரி. 2023 ஜூலையில் 50-வது கூட்டத்தில், ‘வியாபாரத்தில் எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, 5 சதவிகிதம்’ என்று தீர்த்து வைத்தார்கள். சரிகைக்கு நாலு பெயர் இருக்கிறது என்பது டெல்லி அதிகாரிக்கு எப்படித் தெரியும்? தறி இருக்கிற தெருவிலிருந்து யாராவது போய்ச் சொன்னால்தானே?

* * *

“சரிப்பா, போய்ப் பேசி வம்புல மாட்டிக்கினா?” என்றார் முதலாளி. அவர் சொல்ல வந்தது கிரீம் பன் விவகாரத்தை.

2024 செப்டம்பர் 11. கோவையில் தொழில்முனைவோருடன் நிதியமைச்சர் கலந்துரையாடல். அன்னபூர்ணா ஹோட்டல்களின் சீனிவாசன் எழுந்தார். பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் தடவினால் 18 சதவிகிதம். கஸ்டமர் பன்னையும் கிரீமையும் தனித்தனியாகக் கேட்கிறார், நானே தடவிக்கொள்கிறேன் என்கிறார்... என்று வேடிக்கையாகவே சொன்னார். ஹாலே சிரித்தது. ஆனால் மறுநாள் அவர் நிதியமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கிற வீடியோ வெளியே வந்தது. அதை வெளியிட்டதற்காக பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். ஒரு பன்னுக்கு ரெண்டு மன்னிப்பு!

இதைப் பார்த்த எத்தனையோ சின்ன முதலாளிகள் ‘நமக்கேன் வம்பு’ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். எனக்கு எதிர்மாறாகத் தோன்றியது. சீனிவாசன் சங்கத்துக்காரர்தான். ஆனாலும் அந்த ஹாலில் நின்றது ஒரு முகம், வீடியோவில் வந்ததும் ஒரு முகம். அதையே முந்நூறு பேர் கையெழுத்துப் போட்ட காகிதமாகக் கொடுத்திருந்தால் யாரைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியும்? முந்நூறு நாற்காலிக்கு எங்கே போவது?

பின்குறிப்பு ஒன்று: 2025 செப்டம்பர் 22-ல் வந்த புதுப் பட்டியலில் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் வகையறாக்கள் 18-லிருந்து 5-க்கு இறங்கின. அது அந்தப் பன்னால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பன் இல்லாமலே நடந்திருக்கும் என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன்.

* * *

இவ்வளவு நேரம் தொழில்காரர்களுக்கே வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயம்தான். இதில் ஒரு குத்தல் இருக்கிறது.

தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் லட்சத்துக்கும் மேற்பட்ட பேருக்கு அதுதான் சோறு, பெரும்பாலும் பெண்கள். பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் வந்து அந்த வயிற்றில் அடித்தது. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிக்குச் சமம். உற்பத்தியாளர்கள் விடாமல் முறையிட்டார்கள். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29-ல் இருபது ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. அப்புறம் உதிரி பாகமாகக் கொண்டுவந்து இங்கே மாட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் அதற்கும் கட்டுப்பாடு. எனக்கு அந்தப் பெண்கள் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் அந்த அறையில் லைட்டர் வாங்குகிறவன் இருந்தானா என்று கேட்டால்... இல்லை. பெட்டிக்கடைக்காரன் இருந்தானா? இல்லை.

கேட்கிறவன் வாங்கிக்கொள்கிறான், கேட்காதவன் தலையில் விடிகிறது. இது நல்ல ஏற்பாடா? இல்லைதான். ஆனால் அதற்கு மருந்து, கேட்கிறவன் வாயை அடைப்பது அல்ல, எல்லா வாயும் திறப்பது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒரு உள்குத்து உண்டு. தொழில் என்றால் எல்லோருக்கும் ஒரே லாபம் என்று நினைக்காதீர்கள். அரிசிக்கு வரி இல்லாவிட்டால், நாங்கள் சாக்குக்கும் மெஷினுக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது. வரி போட்டால் அந்த கிரெடிட் கிடைக்கும். கோடிக்கணக்கில் மெஷின் இறக்குகிற பெரிய ஆலைக்கு 5 சதவிகிதம் ஒன்றும் கசக்காது. சில சமயம் இனிக்கவும் செய்யும். பத்து ஆளை வைத்து ஓட்டுகிற எங்களுக்குத்தான் கசப்பு. பெரிய ஆளுக்கு டெல்லியில் ஆபீஸ் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். சங்கக் கூட்டத்துக்குச் சின்ன ஆலைக்காரன் போகாவிட்டால், ‘அரிசித் தொழிலின் கருத்து’ என்ற தலைப்பில் பெரிய ஆலையின் கருத்து போகும். கீழே நம் பெயரும் இருக்கும்!

* * *

எங்கள் ஊர்க்காரன் இந்த இடத்தில் கல்வெட்டை இழுக்காமல் இருந்தால் ஊர்க்காரனே இல்லை. உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலை சாசனம் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்பு, குடும்பு என்றால் இன்றைக்கு வார்டு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள் பதவி.

டூரிஸ்ட்டுகள் ‘ஓ, எலெக்‌ஷன்!’ என்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் வருகிற தகுதி இல்லாதவர்கள் பட்டியல்தான். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. சரி, நியாயம். அவனுடைய அப்பா, பிள்ளை, மாமன், மச்சான், சகலை... யாரும் நிற்கக் கூடாது! கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அந்த இடம் வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். ஏரித் தண்ணியில் யார் வயல் நனைகிறதோ அவர்கள் ஏரி விவகாரத்தில் உட்காரலாம்; ஆனால் கணக்கு வெளியே தெரிய வேண்டும், மச்சானுக்கு மடை திறக்கக் கூடாது. (இதையும் சொல்லிவிட வேண்டும்: சொந்தமாக வரி கட்டும் நிலமும் மனையும் இல்லாதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. உழுதவன் பெயரை யாரும் எழுதவில்லை.)

சில நாடுகளில், அமைச்சரையும் அதிகாரியையும் போய்ப் பார்க்கிறவர்கள் யார், எந்தக் கம்பெனிக்காக, எதற்காக என்று பதிவு செய்தே ஆகவேண்டும். அமெரிக்காவில் 1946-லிருந்தே சட்டம் உண்டு. 1995-ல் இன்னும் இறுக்கினார்கள். கனடாவிலும் பதிவேடு இருக்கிறது, பொதுஜனம் புரட்டிப் பார்க்கலாம். நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. அதனால்தான் சூட்கேஸும் மனுவும் நம் கண்ணுக்கு ஒன்று போலத் தெரிகின்றன. சட்டம் வருகிற வரைக்கும் ஒரு சின்ன பரீட்சை வைத்திருக்கிறேன்: நீங்கள் அதிகாரிக்கு எழுதியதை அப்படியே ஆலை வாசலில் ஒட்ட முடியுமா? ஒட்ட முடிந்தால் மனு. முடியாவிட்டால் சூட்கேஸ்.

* * *

2024 ஜூலை மாசம் அந்தப் பரீட்சையை நாங்களே எழுத வேண்டி வந்தது. ஆடிட்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பொட்டல விதிகளைத் திருத்தப் போகிறதாம். 25 கிலோ என்கிற வரம்பையே எடுத்துவிட்டு, சில்லறையில் விற்கிற எல்லா மூட்டைக்கும் விதி பொருந்தும் என்று முன்வரைவு. ஜூலை 29-க்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம்!

முன்வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே கொள்கை வகுத்தது. சுற்றுச்சூழல் விதிகளில் ஆட்சேபணைக்கு 60 நாள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது சுமார் ரெண்டு வாரம். அதிலும் ஆடிட்டர் பார்த்து, எனக்கு அனுப்பி, நான் முதலாளிக்குச் சொல்வதற்குள் நாலு நாள் போய்விட்டது.

“26 கிலோவுக்கும் ஆப்பா?” என்றார் முதலாளி.

“இன்னும் வைக்கலை முதலாளி. வைக்கலாமான்னு கேக்கறாங்க.”

“நம்மளையா?”

“நம்மளையும்தான்.”

மனுஷர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முப்பது வருஷமாக ஆலை நடத்துகிறார். அரசாங்கம் அவரைக் கேட்டதெல்லாம் லைசென்ஸ், பில், ரசீது. அபிப்பிராயம் கேட்டு யாரும் வந்ததில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு எழுத உட்கார்ந்தோம். முதல் வரைவு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘ஏழை விவசாயிகளின் வயிற்றில் அடிக்கும்...’ என்று ஆரம்பித்தது. மேடைப் பேச்சு! கிழித்துப் போட்டோம். அதிகாரி தினம் நூறு வயிற்றெரிச்சல் படிக்கிறார். அவரிடம் இல்லாதது எங்கள் ஆலைக் கணக்கு. அதை எழுதினோம். மாசம் எத்தனை மூட்டை, எத்தனை சதவிகிதம் 26 கிலோ, யார் வாங்குகிறார்கள், சாக்கு ஒன்றுக்கு அச்சுச் செலவு என்ன, பழைய சாக்கு தீர எத்தனை மாசம்.

‘26 கிலோ மூட்டை போடுவது வரி வரம்பைத் தாண்டத்தான்’ என்றும் எழுதினேன். முதலாளி பதறிவிட்டார்.

“டேய், நாமளே ஒத்துக்கறதா?”

“ஊருக்கே தெரியும் முதலாளி. நாம மறைச்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க.”

எடை, ஆலை முகவரி, கட்டிய மாசம் இதெல்லாம் பெரிய மூட்டையிலும் அச்சடிக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, வாங்குகிறவனுக்கு நல்லதுதான். ஆனால் லேபிள் விதி மாறினால் வரி விதியும் தானாக இழுபடும். அதைத் தனியாக முடிவு செய்யுங்கள். பழைய சாக்குக்கு ஆறு மாச அவகாசம் கொடுங்கள். அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம். தமிழில் எழுதி, ஆடிட்டர் ஆபீஸில் இங்கிலீஷ் ஆக்கி, சுற்று வட்டாரத்தில் பதினோரு ஆலைகளில் கையெழுத்து வாங்கினேன். பைக்குக்கு பெட்ரோல் என் செலவு. ஒரு ஆலையில், “இதனால ரெய்டு வராதே?” என்று மூணு தரம் கேட்டுவிட்டு, நாலாவது தரம் டீ வாங்கிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். நகல் ஒன்றை எங்கள் ஆலை வாசலில் ஒட்டினோம். லோடுமேன்கள் படித்துவிட்டு, “எங்களப் பத்தி ஒண்ணும் எழுதலையே?” என்று கேட்டார்கள். அதற்கு முதலாளியிடம் பதில் இல்லை.

ஜூலை 27 இரவு இ-மெயில் போனது. ‘பெறப்பட்டது’ என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை.

அந்த டிசம்பரில் ஜெய்சல்மேரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 55-வது கூட்டம் நடந்தது. ‘முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டியது’ என்பதற்குத் தெளிவான விளக்கம் வேண்டும் என்று பேசி, சில்லறை விற்பனைக்கான 25 கிலோ அல்லது 25 லிட்டருக்கு மேற்படாத பொட்டலம் என்று பரிந்துரைத்தார்கள். வரியைப் பொறுத்தவரை 25 என்கிற கோடு நின்றது. எங்கள் ஒன்றரைப் பக்கத்தால்தான் நின்றது என்று சொன்னால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டே கைகொட்டிச் சிரிக்கும். நாடு முழுக்க எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். எழுதாமலேயே நடந்திருக்கவும் கூடும்.

நான் பேப்பரைக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, ரெண்டு தரம் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவைத் திறந்து பணத்தை எண்ணி என் கையில் வைத்தார்.

“இது என்ன முதலாளி, போனஸா?” என்றேன் ஆசையாக.

“உனக்கில்லப்பா. சங்கத்துல ஆறு வருஷ சந்தா பாக்கி இருக்குது. கட்டிட்டு, அடுத்த மீட்டிங் என்னிக்குன்னு கேட்டுக்கினு வா.”